அடித்த கடைசி வரி

எடுத்தவன் இந்த வளாகத்துக்குள்ளதான் இருக்கான் அம்மணி. வெளியாளு இல்லை. முப்பத்திரண்டு கடையில ஏதோ ஒண்ணுல உக்காந்துகிட்டு, இந்நேரம் சாப்பாட்டுக் கேரியரைப் பிரிச்சு, ரசத்துக்கு அப்பளம் வைக்கலையேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருப்பான். அவன் செஞ்சதுக்குப் பழி வேற ஒருத்தங்க தலையில விழுந்தது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் பத்து மாசமா வாயைத் திறக்கலை. எடுத்ததைக்கூட விட்டுரலாங்க. மனுசனுக்கு ஒரு நேரம் கை நீண்டுரும். ஆனா தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிட்டு, தினமும் காலையில கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டறான் பாருங்க, அவனை என்ன சொல்றது?

நீங்க அந்த ஸ்குரு டிரைவரைக் கொஞ்சம் கீழ வைங்க. இப்படி ஃபேனுக்கு அடியில உக்காருங்க. உங்க ஃபாரத்தை நான் பார்த்துட்டேன். 'பழைய கருவிகளின் நிலை'ன்னு தலைப்புப் போட்டு, பதிவுப் பெட்டி, பதினாறு கேமரா, ஒயரு, பேட்டரி எல்லாத்தையும் எழுதிட்டீங்க. கடைசி வரி ஒண்ணுதான் காலியா இருக்குது. 'கடைசியாகப் பதிவான நாள்.' அதுல போன வருசம் மார்ச் முப்பதுன்னு எழுதப் போறீங்க. பேனா மூடியைக் கழட்டிட்டீங்க. அதுக்கு முன்னால ஒரு பத்து நிமிசம் நான் சொல்றதைக் கேட்டுருங்க. இந்த ஃபாரத்தை நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்காரர் சங்கப் பொதுக்குழுவுல படிக்கணும். முப்பத்திரண்டு கடைக்காரங்களும் உக்காந்திருப்பாங்க. அந்த ஒரு தேதியைக் கேட்டதும் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என்னைப் பத்திக் கீழ வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சிருப்பீங்க. செயலாளர் சென்னியப்பன் பேரத்துக்கு உக்காந்தா எதிராளி வேட்டியை விட்டுட்டுத்தான் எந்திரிக்கணும், கோவம் வந்தா நாற்காலி பறக்கும்னு சொல்லியிருப்பான். ரெண்டும் நெசம். ஒரு நாற்காலிக்குக் கால் இல்லை, அந்த மூலையில சாய்ச்சு வச்சிருக்குது பாருங்க. நான் அஞ்சாவதோட நின்னவன். வாரச்சந்தையில சாக்கு விரிச்சு வெட்டுத்துணி வித்து, அப்புறம் துண்டு, லுங்கின்னு மேல வந்தவன். எனக்கு வாத்தியாருன்னா என்னை ஏமாத்தினவங்கதான். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பாடம் நடத்திட்டுப் போனான். அதுல ரெண்டை நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கலை.

ஒண்ணு, பேரத்துல முதல்ல வாயைத் திறக்கறவன் தோத்தான். எதிராளி விலையைச் சொல்ற வரைக்கும் நாம சும்மா இருக்கணும். டீ குடிக்கணும், கூரையைப் பார்க்கணும், அவன் புள்ளை என்ன படிக்குதுன்னு கேக்கணும். அவன் சொல்லிட்டான்னா பாதி செயிச்சாச்சு.

இன்னொண்ணு, கொட்டேசன்ல கடைசி வரி. மொத மொதல்ல நான் ரெண்டு பழைய தறி வாங்கினப்ப, எழுதிக் குடுத்த காகிதத்துல கடைசியா 'இதரச் செலவுகள் தனி'ன்னு ஒரு வரி இருந்துச்சு. படிக்காம கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரி எங்கூட்டுக்காரி கழுத்துல கிடந்ததைத் தின்னுட்டுப் போயிருச்சு. அன்னையில இருந்து எவன் கொட்டேசன் குடுத்தாலும் பேனாவை எடுத்து முதல் வேலையா கடைசி வரியை அடிச்சுருவேன். என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கிறதே கிடையாது. மேல இருக்கறது பொருள், கடைசியில இருக்கறது வித்தை. அவ்வளவுதான் என் படிப்பு. "செயலாளர் கடைசி வரியை அடிச்சாச்சா?"ன்னு கடைக்காரங்க கேட்டுக் கேட்டுச் சிரிப்பாங்க. எனக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு.

நாலு வருசத்துக்கு முன்னால இந்தக் கேமராவெல்லாம் போடறதுக்கு ஜெயசீலன்னு ஒருத்தரு வந்தாரு. பைபாஸ்ல சின்னதா கடை வச்சிருந்தாரு. ஒல்லியா இருப்பாரு. பேசும்போது ஹெல்மெட்டை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவாரு. நல்ல மனுசன். அதுதான் அவருகிட்ட இருந்த கெட்டது. நல்லவங்க எனக்குப் பிடி குடுத்துருவாங்க, நான் நசுக்கிருவேன். அவரு கொட்டேசன்ல கடைசி வரி என்னன்னா, படம் பதியற டிஸ்க்கை மூணு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும், பேட்டரியை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும், அதுக்கு வருசா வருசம் சங்கம் இவ்வளவு ஒதுக்கி வைக்கணும். நான் பேனாவை எடுத்தேன்.

"அண்ணா, அதை மட்டும் அடிச்சுராதீங்க"ன்னாரு.

"ஏனுங்க?"

"டிஸ்க் ராப்பகலா சுத்துதுங்க. ஒரு நிமிசம் நிக்காது. லாரி டயர் மாதிரி தேஞ்சுதான் ஆகும். இன்னிக்கே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வச்சா, தேயற அன்னிக்குச் சங்கத்துக்குப் பாரம் தெரியாது."

"ஏப்பா, பொருளை விக்கும்போதே அது சாகற நாளையும் குறிச்சுக் குடுக்கறயே, நீ கேமராக்காரனா, சோசியக்காரனா?"

கூட்டமே சிரிச்சுது. நாலாம் நம்பர் கடை சிவமலை மட்டும் சிரிக்கலை. அவரு எந்திரிச்சு, "சென்னியப்பா, அவரு சொல்றதுல நியாயம் இருக்குது. கக்கூஸ் கழுவற பினாயிலுக்கே வருசத்துக்கு இவ்வளவுன்னு ஒதுக்கறோம். இதுக்கு ஒதுக்கினா என்ன?"ன்னாரு. "உங்க கடைத் துண்டு மூணு தொவைப்புல சாயம் போகுதே, அதுக்கு எவ்வளவு ஒதுக்கி வச்சிருக்கீங்க?"ன்னு நான் கேட்டேன். மறுபடியும் சிரிப்பு. சிவமலை உக்காந்துட்டாரு. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லா இருந்துச்சு. இப்ப நினைச்சா காது சூடாகுது.

அதோட விட்டனா? கேமராவுக்குன்னே தனியா ஒரு டிஸ்க் வருதாம், விலை கூடுதல். நானே கம்ப்யூட்டர் கடைக்குப் போயி, பேரம் பேசி, சாதா டிஸ்க் ஒண்ணை வாங்கிட்டு வந்து இதைப் போடுன்னு குடுத்தேன். ஜெயசீலன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இது ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பகல்ல மட்டும் ஓடறதுங்கண்ணா"ன்னாரு. "பழக்கினா ராத்திரியும் ஓடும்"னேன். பதினாறு கேமராவுக்கும் அந்த ஒரே டிஸ்க். நீங்க இப்பக் கழட்டிக் கையில வச்சிருக்கீங்களே, அதேதான்.

ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு வருசம், ரெண்டு வருசம். ஜெயசீலனைப் பார்க்கும்போதெல்லாம் "உன் சோசியம் என்னாச்சு?"ன்னு கேப்பேன். அவரு ஹெல்மெட்டைத் தடவிக்கிட்டுச் சிரிப்பாரு.

போன வருசம் மார்ச் கடைசியில பெட்டி கத்த ஆரம்பிச்சுது. கீக் கீக் கீக்னு, ஒரு மாதிரி எலிக்குஞ்சு மாதிரி. நாள் முழுக்க. அப்புறம் யாரோ அந்தச் சத்தத்தை நிறுத்திட்டாங்க. யாருன்னு தெரியலை. ஆபீஸுக்குப் பல பேரு வந்து போறாங்க, கை வைக்கிறவங்க இருக்கத்தான்...

என்ன? அதுவும் பெட்டிக்குள்ள இருக்குதா? யாரு, எந்தத் தேதியில, எத்தனை மணிக்குச் சத்தத்தை நிறுத்தினாங்கன்னா? டிஸ்க் செத்தாக்கூட அந்தக் குறிப்புத் தனியா நிக்குமா?

ம். என் பாஸ்வேர்டு. சரி. மூடுங்க அதை. அந்தப் பெட்டிக்காவது பயப்படத் தெரிஞ்சிருக்குது, கத்தியிருக்குது.

நான்தான் அம்மணி. நான்தான் நிறுத்தினேன். பெட்டி கத்தினப்ப ஜெயசீலனுக்கு போன் போட்டேன். "டிஸ்க் போயிருச்சுன்னு சொல்லுதுங்கண்ணா, நான் வந்து பார்க்கட்டுங்களா?"ன்னாரு. எனக்கு உடனே மூக்கு வேர்த்திருச்சு. வந்தா ஒரு செலவு, மாத்தினா ஒரு செலவு, சிவமலை முன்னாடி நான் அடிச்ச வரி உயிரோட எந்திரிச்சு வந்து நிக்கும். "வர்றதெல்லாம் இருக்கட்டும், இந்தச் சனியன் சத்தத்தை நிறுத்த வழி சொல்லு"ன்னேன். அவரு தயங்கினாரு. நான் சத்தம் போட்டேன். எங்க போயி எதைத் தட்டணும்னு போன்லயே சொல்லிக் குடுத்தாரு. தட்டினேன். அமைதியாயிருச்சு. வெளிய ஹால்ல டிவியில பதினாறு கட்டமும் பழையபடி தெரிஞ்சுது. ஆளு நடக்கறது, மூட்டை இறங்கறது, நாய் படுத்திருக்கறது எல்லாம் அப்படியே தெரியுது. அப்புறம் என்ன போயிருச்சாம்? இவன் செலவு வைக்கப் பார்க்கறான்னு நினைச்சேன். பார்க்கறது வேற, பதிஞ்சு வைக்கறது வேறன்னு யாரு எனக்குச் சொன்னா? அவரு சொன்னாரு. நான்தான் போனை வச்சுட்டேன்.

இனித்தான் விசயம். தண்ணி வேணுங்களா? வேண்டாமா. சரி.

நாச்சக்கான்னு ஒரு அம்மா. இந்த வளாகத்துக்கு டீ கொண்டு வந்தவங்க. காலையில பத்தரைக்கு ஒருக்கா, மத்தியானம் மூணரைக்கு ஒருக்கா, ஒரு கையில கேனு, ஒரு கையில டம்ளர் கூடை. யாருக்குச் சக்கரை இல்லாம, யாருக்கு அரை டம்ளர், யாரு வெரதம், எல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். கடைக்குள்ள நேரா வந்து மேசையில வச்சுட்டுப் போவாங்க. யாரும் நிமிந்துகூடப் பார்க்க மாட்டாங்க, அவ்வளவு பழக்கம். நான் சந்தையில சாக்கு விரிச்ச காலத்துல இருந்து என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. செயலாளர் ஆன பின்னாலயும் தம்பிதான். என் கோவத்துக்கு எதிர்ல நின்னு, "முதல்ல டீயைக் குடி தம்பி, அப்புறம் கத்து"ன்னு சொல்ல இந்த ஊருல அவங்க ஒருத்தங்கதான்.

ஆகஸ்ட் ரெண்டு. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். பதினொண்ணாம் நம்பர் கடை மாணிக்கசுந்தரம் மகளுக்கு ஆவணியில வளைகாப்பு வச்சிருந்தாரு. பொண்ணு கை கொஞ்சம் ஊதியிருச்சுன்னு ரெண்டு தங்க வளையலைப் பெருசு பண்ணக் கொண்டு வந்து, காகிதத்துல சுத்தி மேசையில வச்சிருந்திருக்காரு. கேரளாப் பார்ட்டி வந்துச்சுன்னு உள்ள போயி லுங்கி காட்டிட்டு வந்து பார்த்தா பொட்டணம் இல்லை. அதே இடத்துல டீ டம்ளர் இருக்குது. அவ்வளவுதான். ஆவி பறக்கற டம்ளர்.

யாரு வந்தா, நாச்சக்காதான் வந்தாங்க. வேற யாரு வந்தாங்கன்னு யாருக்கும் தெரியலை. கூடையைக் கொட்டினாங்க. டம்ளரு, சக்கரை டப்பா, ஒரு கைக்குட்டையில சுத்தின மாத்திரை. கேனைத் திறந்து கரண்டி விட்டுத் துழாவினான் ஒருத்தன். அந்தக்கா அழுகலை. நேரா என்கிட்ட வந்தாங்க.

"தம்பி, கேமராவைப் போட்டுப் பாரு. நான் ஒரு வார்த்தை பேசலை. அது சொல்லட்டும்."

அவங்க மொகத்துல பயமே இல்லை அம்மணி. அதைத்தான் நான் சொல்ல வர்றேன். அவ்வளவு நம்பிக்கையா நின்னாங்க. யாரு மேல நம்பிக்கை? நான் பேரம் பேசி வாங்கின டிஸ்க் மேல.

இந்த ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்தினேன். சாவி என்கிட்ட மட்டுந்தான். ஆகஸ்ட் ரெண்டைத் தட்டினேன். பதிவு இல்லைன்னுது. ஒண்ணாந் தேதியைத் தட்டினேன். இல்லை. ஜூலை, ஜூன், மே. ஒவ்வொரு மாசமா தட்டிக்கிட்டே போறேன். மார்ச் முப்பதுல போயி நின்னுது. புதுசாப் பதிய முடியாத டிஸ்க்குல பழசு மட்டும் மிச்சம் இருக்குது, அந்தத் தேதியில படம் வருது. யாரோ ஒருத்தன் மூட்டை தூக்கிட்டுப் போறான். அப்படியே நின்னுருச்சு. நாலு மாசமா இந்த வளாகத்துல நடந்த ஒண்ணுமே எங்கயும் இல்லை.

வெளிய வந்து, "பதிவு இல்லீங்க, மெசினு கெட்டுப் போச்சு"ன்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. சொல்லத்தான் கதவைத் திறந்தேன். சத்தியமா சொல்லத்தான் திறந்தேன். முப்பது பேரு நிக்கறாங்க. முன்னாடி சிவமலை. "என்ன செயலாளரே, படம் ஓடுதா?"ன்னு கேட்டாரு. அந்தச் சிரிப்பு இருக்குதே. அந்த மனுசன் மட்டும் அப்படிக் கேக்காம இருந்திருந்தா இன்னிக்கு நான் இப்படி உங்க முன்னால உக்காந்திருக்க மாட்டேன்.

"பார்த்துட்டேன்"னு சொன்னேன்.

ஒரே வார்த்தை. யாரைப் பார்த்தேன்னு சொன்னனா? சொல்லலை. அவங்கதான் எடுத்தாங்கன்னு சொன்னனா? சொல்லலை. அந்த வார்த்தையில பொய் இல்லை அம்மணி, பெட்டியைப் பார்த்தேன்ல. ராத்திரி படுக்கையில எத்தனை தடவை இதைச் சொல்லிப் பார்த்திருப்பேன். ஒரு தடவையும் உறக்கம் வரலை.

கூட்டம் அப்படியே நாச்சக்கா பக்கம் திரும்புச்சு. மாணிக்கசுந்தரம் போலீஸுக்குப் போன் எடுத்தாரு. அப்பத்தான் என் புத்தி வேலை செஞ்சுது, பேரம் பேசற புத்தி. போலீஸ் வந்தா பெட்டியைக் கேப்பாங்க. கைகாட்டி நிறுத்தினேன். "வயசானவங்க. இத்தனை வருசம் நமக்கு டீ ஊத்துனவங்க. கேஸெல்லாம் வேண்டாம். நாளையில இருந்து வர வேண்டாம், அவ்வளவுதான். மாணிக்கசுந்தரத்துக்கு ஆன நட்டத்துல பாதியைச் சங்கம் ஏத்துக்கும்"னேன். மாணிக்கசுந்தரம் போனை வச்சாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. செயலாளருக்குப் பெரிய மனசுன்னு ஒருத்தன் சொன்னான். சிவமலைகூட, "நல்லபடியா முடிச்சுட்ட சென்னியப்பா"ன்னாரு. ரெண்டு தரப்புக்கும் சேதமில்லாம ஒரு பேரத்தை முடிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கும். ஒரு கணம். வெக்கமா இருக்குது சொல்ல, ஒரு கணம் சந்தோசமாக்கூட இருந்துச்சு.

நாச்சக்கா டம்ளரையெல்லாம் பொறுக்கிக் கூடையில அடுக்கினாங்க. ஒவ்வொண்ணா அடுக்கினாங்க. அப்புறம் எந்திரிச்சு என்னைப் பார்த்து, "சார், நான் எடுக்கறது அதுல தெரியுதுங்களா?"ன்னாங்க.

சாராம். தம்பி போயிருச்சு.

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "வீட்டுக்குப் போங்கக்கா"ன்னேன்.

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்லைன்னு இருந்திருப்பேன். ஒரு மாசம் கழிச்சு, ஒரு மாசத்துக்கு மேலயே இருக்கும், அவங்க மக வந்துச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே இடத்துல உக்காந்துச்சு. பனியன் கம்பெனியில செக்கிங் வேலையாம், அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்குது. சண்டைக்கு வந்திருக்கும்னு நினைச்சு நானும் தயாராத்தான் இருந்தேன். சண்டைன்னா எனக்குச் சுலபம். அது சண்டை போடலை.

"அம்மா வீட்டுல பெட்டியெல்லாம் கொட்டித் தேடிட்டாங்க சார். அரிசிப் பானைக்குள்ள தேடறாங்க. பழைய சேலையெல்லாம் உதறிப் பார்க்கறாங்க. என்னம்மான்னு கேட்டா, கேமராவே சொல்லுதுன்னா நான் நினைப்பில்லாம எடுத்து எங்கயாச்சும் போட்டிருப்பனோன்னு சொல்றாங்க. ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க. எனக்கு அந்தப் படத்தை ஒரு தடவை காட்டுங்க சார். எடுத்தது நெசம்னா நெசம்னு நான் அவங்களுக்குச் சொல்லிக்கறேன். இல்லாட்டி அவங்களுக்குப் புத்தி பெசகிரும் சார்."

புரியுதுங்களா அம்மணி? அவங்க என் வார்த்தையை நம்பிட்டாங்க. தன் கையை நம்பலை, தன் மனசை நம்பலை, செத்துப்போன ஒரு டிஸ்க்கை நம்பிட்டாங்க. அரிசிப் பானைக்குள்ள வளையலைத் தேடறாங்க.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். ரூமுக்குள்ள நானும் அந்தப் புள்ளையும்தான். சிவமலை இல்லை, யாரும் இல்லை. "முப்பது நாளுக்கு மேல ஆனா பழைய படமெல்லாம் தானா அழிஞ்சுரும்மா, பெட்டி அப்படித்தான்"னு சொன்னேன். அது உண்மையும்கூட, ஜெயசீலன் எனக்குச் சொன்னதுதான். நல்லா ஓடற பெட்டி அப்படித்தான் செய்யும். அந்த மனுசன் சொன்னதுல எனக்குப் பிரயோசனப்பட்டது அது ஒண்ணுதான். அந்தப் புள்ளை எந்திரிச்சு, "சரிங்க சார்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

சொந்தக் காசுல ஒரு டிஸ்க்கை வாங்கிப் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. போட யாரைக் கூப்பிடறது? வர்றவன் தேதியைப் பார்ப்பான்ல. அதனால இந்தப் பெட்டி அதுக்கப்புறமும் பத்து மாசமா சும்மாவே ஒக்காந்திருக்குது. டிவி ஓடுது, எல்லாரும் பார்க்கறாங்க, ஒண்ணும் பதியலை. டீ இப்ப பேக்கரியில இருந்து வருது. நான் குடிக்கறதில்லை. ஒத்துக்கலைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்பப் பின்பக்கம் புதுக் கட்டடம் வருதுன்னு உங்க கம்பெனியைக் கூப்பிட்டதும் நான் இல்லை, சிவமலைதான். அஞ்சு வருசத்துக்குத் திட்டம் போட்டுக் குடுங்க, எது எப்பத் தேயும், எதை எப்ப மாத்தணும், எவ்வளவு ஒதுக்கணும்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்காரு. உங்க கொட்டேசனைப் படிச்சேன். கடைசி வரியில இருந்து படிச்சேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். மாத்து டிஸ்க்குக்கு எழுதியிருக்கறது நியாயம். இன்னொண்ணு கூடுதலா வாங்கி அலமாரியில வைக்கச் சொல்லியிருக்கீங்க, அதுவும் நியாயம். ஒரு ரூவா குறைக்கச் சொல்ல மாட்டேன். சென்னியப்பன் வாழ்க்கையில முதல் தடவை.

அதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு. அந்தத் தேதி. செப்டம்பர்னு போட்டுக்குங்க. பெட்டி எப்பச் செத்தா யாருக்கு என்ன? சரி, செப்டம்பர் வேண்டாம், ஆகஸ்ட் பதினஞ்சு. இல்லையா? ஆகஸ்ட் அஞ்சு போடுங்க, மூணே மூணு நாளு தள்ளி. மூணு நாளைக்கா இவ்வளவு யோசனை?

காலையில ஏணியில ஏறி ஒவ்வொரு ஒயரையும் நீங்களே இழுத்துப் பார்த்தீங்களே, அப்பவே நினைச்சேன், இந்தப் புள்ளைகிட்ட நமக்கு வேலை நடக்காதுன்னு.

என்ன சொன்னீங்க? மெசினு சொல்றதைத்தான் எழுதுவீங்க. வேணும்னா அந்த வரியை நானே அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக்கலாம்னு சொல்றீங்க. ம். பேனாவையும் இந்தப் பக்கம் தள்ளறீங்க. கெட்டிக்காரிதான்.

கடைசி வரி. எத்தனை அடிச்சிருப்பேன். கண்ணை மூடிட்டு அடிப்பேன்.

இதுல பாதிப் பழி எடுத்தவனுது, பாதி என்னுது. நான் இல்லைங்கலை. என் பாதியை நான் இல்லைன்னு சொல்லவே இல்லை. அவன் அவனோட பாதியை மேசை மேல வைக்கட்டும், அடுத்த நொடி நான் என்னுதை வைக்கிறேன். அதுதானே முறை? அவன் வாயைத் திறந்தா நாச்சக்கா எடுக்கலைன்னு ஆயிருது. அப்புறம் கேமரா ஓடுச்சா, ஓடலையான்னு யாரு கேக்கப் போறாங்க?

அவன் திறக்கலைன்னா அந்தம்மாவுக்கு யாரு சொல்றதுன்னா கேக்கறீங்க?

பேனாவை எடுத்துக்குங்க. என் கைக்குப் பக்கத்துல வைக்காதீங்க, சொல்லிட்டேன், கை பழக்கப்பட்டது. மார்ச் முப்பதுன்னு எழுதுங்க. பெருசாவே எழுதுங்க. வருசத்தையும் போடுங்க. சத்தம் நிறுத்தின தேதி, பாஸ்வேர்டு, அதையும் எழுதுறதா இருந்தா எழுதுங்க, நான் பார்க்கலை. நாளைக்கு இதைப் படிக்க வேண்டியவன் செயலாளர். படிக்கிறேன். கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்.

ஆனா பத்து மணிக்குத்தான் கூட்டம் அம்மணி. இன்னும் ஒரு பொழுது இருக்குது. டேய், எவனா இருந்தாலும் சரி, நீ இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கற, நான் பேசறது கேக்குதோ கேக்கலையோ. அந்தம்மா இன்னும் பானைக்குள்ள கை விட்டுத் தேடிக்கிட்டு இருக்காங்கடா. வளையலை நீயே வச்சுக்க, வித்துத் தின்னிருந்தா தின்னுட்டுப் போ. நாளைக்கு நான் அந்தக் காகிதத்தை விரிக்கறதுக்கு முன்னால எந்திரிச்சு நில்லு. நாச்சக்கா எடுக்கலைன்னு சொல்லு. அவங்க வாசல்ல போயி நின்னு, டீ ஊத்த வாங்கன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா. நீ ஆரம்பி, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். என் வாழ்நாள்ல நான் யாருகிட்டயும் கேட்டது கிடையாது, உன்கிட்டக் கேக்கறேன். இந்த ஒரு தடவை நீ முதல்ல வாயைத் திற.